துருத்தி பூட்டிய பெருவண்டி

கொல்லன் உலைக்களத்தைக் கண்டிருப்பீர்கள். கரி தானாகவே எரியும். ஆனால் இரும்பை இளக்க அந்த நெருப்புப் போதாது. துருத்தியால் காற்றை ஊதிய பிறகே உலை வெண்ணிறமாகக் கனல்கிறது. காற்று மிகுந்தால் வெப்பம் மிகும். வெப்பம் மிகுந்தால் கரி விரைவில் தீரும். அளவு கடந்தால் உலையின் சுவரே பிளந்துவிடும். கொல்லன் அறிந்த இந்த மூன்று உண்மைகளும் மோட்டார் எந்திரத்துக்கும் பொருந்தும். அவற்றை மறந்தும் நினைந்தும் மனிதர் நடத்திய ஒரு முயற்சியின் வரலாற்றை இன்று காண்போம்.

மோட்டார் எந்திரம் மூச்சு விடும் பொறியாகும். உருளைக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் உள்ளே புகுகின்றன. பிஸ்டன் மேலேறி அக்கலவையை அழுத்துகிறது. தீப்பொறி பட்டதும் அது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். ஆகவே பெட்ரோலை மட்டும் மிகுதியாக ஊற்றி வலிமையைப் பெருக்க இயலாது. காற்றையும் பெருக்க வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, உருளையையே பெரிதாக்குவது. மற்றொன்று, உருளை அளவில் மாறாதிருக்க, எந்திரமே சுழற்றும் ஒரு துருத்தியால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவது. இத்துருத்தியைத்தான் சூப்பர்சார்ஜர் என்கிறோம்.

துருத்தி என்று நாம் கூறுவது வெறும் உவமையன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860ஆம் ஆண்டில் ஒரு காற்றூதும் கருவிக்கு உரிமம் பெற்றனர். இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தழுவியவாறு சுழன்று காற்றைத் தள்ளும் அமைப்பு அது. இரும்பு உருக்கும் உலைகளுக்குப் பயன்பட்ட அக்கருவியே பின்னாளில் மோட்டார் வண்டிக்கும் வந்து சேர்ந்தது. 1885ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியப் பொறியியலறிஞர் காட்லீப் டைம்லர், எந்திரத்துக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் முறைக்கு உரிமம் பெற்றிருந்தார். 1921இல் மெர்சிடிஸ் நிறுவனம் இக்கருவி பொருத்திய வண்டிகளைப் பெர்லின் கண்காட்சியில் வைத்தது. 1923இல் மோன்ட்ஸா நகரில் நடந்த இத்தாலியப் பெரும்பந்தயத்தில் சூப்பர்சார்ஜர் பூட்டிய ஃபியட் வண்டி வெற்றி பெற்றது. அன்று முதல் பந்தயக் களத்தில் இதற்கென ஒரு தனி மதிப்பு உண்டாயிற்று.

அந்நாளில் இதனை ஏற்க மறுத்தவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் வால்டர் ஓவன் பெண்ட்லி. 1919இல் தம் பெயராலேயே மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கியவர். நான்கு பேர் அமர்ந்து நெடுந்தொலைவு செல்லத்தக்க, உறுதி மிக்க பெருவண்டிகளைச் செய்தவர். பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய வண்டிகள் 1924, 1927, 1928, 1929 ஆகிய ஆண்டுகளில் வென்றிருந்தன. வேகம் வேண்டுமானால் எந்திரத்தைப் பெரிதாக்குங்கள் என்பதே அவர் கொள்கை. சூப்பர்சார்ஜர் பூட்டினால் தம் எந்திரத்தின் இயல்பே கெட்டுவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அவருடைய பந்தய ஓட்டுநருள் ஒருவரான சர் ஹென்றி பிர்க்கின் வேறு கருத்துடையவர். 1928இல் வெற்றி பெற்ற நாலரை லிட்டர் வண்டிக்குத் துருத்தி பூட்டினால் உலகையே வெல்லலாம் என அவர் எண்ணினார். அம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியியலறிஞர் கருவியை அமைத்துத் தந்தார். டோரதி பேஜெட் என்ற செல்வச் சீமாட்டி பொருளுதவி செய்தார். வெல்வின் நகரில் பட்டறை எழுந்தது. நிறுவனரோ மறுத்தார். ஆனால் 1926 முதல் நிறுவனத்தின் நிதியும் தலைமையும் உல்ஃப் பர்னாட்டோ என்பவர் கையில் இருந்தன. அவர் இசைவு தந்துவிட்டார். லெ மான் பந்தய விதிப்படி இவ்வகை வண்டிகள் 50 செய்யப்பட வேண்டியிருந்தது. தாம் விரும்பாத வண்டி தம் பெயரைத் தாங்கித் தம் தொழிற்சாலையிலேயே உருவாவதைப் பெண்ட்லி கண்டார். ஒரு கைவினைஞனுக்கு இதைவிட மனவேதனை வேறு உண்டோ?

நாலரை லிட்டர் எந்திரம் சாதாரணமாக 110 குதிரைத்திறன் தந்தது. துருத்தி பூட்டியதும் அது 175 ஆயிற்று; பந்தய வண்டியிலோ 240ஐ எட்டியது. ஆனால் விலையின்றி வந்த வலிமையன்று அது. கருவி வண்டியின் முகப்பிலே அமைந்தமையால் முன்பாரம் கூடிற்று. வளைவுகளில் வண்டியைத் திருப்புவது கடினமாயிற்று. பெட்ரோல் தாகம் பெருகிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, வெப்பமும் அழுத்தமும் பிஸ்டன்களையும் வால்வுகளையும் வாட்டின.

1930ஆம் ஆண்டு ஜூன் மாதம். லெ மான் களத்தில் மெர்சிடிஸ் வண்டி ஒன்றே ஒன்று. அதைச் செலுத்தியவர் ருடால்ஃப் காரச்சியோலா. அவருடைய ஏழு லிட்டர் எந்திரத்திலும் துருத்தி உண்டு; ஆனால் அது எப்போதும் சுழலாது. ஓட்டுநர் மிதிகட்டையை முற்றும் அழுத்தும்போது மட்டுமே அது இணைந்து அலறும். பிர்க்கினின் துருத்தியோ ஓயாது சுழல்வது. பந்தயம் தொடங்கியதும் பிர்க்கின் மெர்சிடிஸைத் துரத்தினார். நெடிய நேர்ச்சாலையில், ஒரு பக்கச் சக்கரங்கள் புல்தரையில் உருள, அதை முந்தினார். அவருடைய டயர் ஒன்றின் மேற்பரப்பு கிழிந்து பறந்தது. அப்போதும் அவர் வேகத்தைத் தணிக்கவில்லை. பார்த்தோர் மூச்சு நின்றது.

நள்ளிரவுக்குப் பின் மெர்சிடிஸ் பழுதுற்று விலகியது. ஆயினும் வெற்றி பிர்க்கினுக்குக் கிட்டவில்லை. துருத்தி பூட்டிய இரண்டு பெண்ட்லி வண்டிகளும் மறுநாள் எந்திரம் சிதைந்து நின்றுவிட்டன. முதலிடமும் இரண்டாமிடமும் பெற்றவை துருத்தியே இல்லாத ஆறரை லிட்டர் பெண்ட்லி வண்டிகள். முதல் வண்டியைச் செலுத்திய இருவருள் ஒருவர், பிர்க்கினுக்கு இசைவளித்த அதே பர்னாட்டோ! பெரிய எந்திரமே போதும் என்ற நிறுவனர் கொள்கை வென்றது. எனினும், பிர்க்கின் துரத்தாவிடில் மெர்சிடிஸ் களைத்திராது என்று வாதிடுவோரும் உளர்.

பிர்க்கினின் முயற்சி வீண் என்றும் கூறிவிட முடியாது. அதே 1930இல் பாவ் நகரில் நடந்த பிரெஞ்சுப் பெரும்பந்தயத்தில் இலகுவான பந்தய வண்டிகளுக்கு நடுவே தம் பெருவண்டியைச் செலுத்தி அவர் இரண்டாமிடம் பெற்றார். 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் மணிக்கு 137.96 மைல் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார். குறுகிய ஓட்டத்தில் துருத்தி வெல்லும். நெடிய ஓட்டத்தில் எந்திரத்தின் உடல் உறுதியே வெல்லும் என்பதை அவ்வண்டி உலகுக்கு உணர்த்தியது. இதற்கிடையே பொருளாதார மந்தத்தால் பெண்ட்லி நிறுவனம் 1931இல் நொடித்தது. ரோல்ஸ் ராய்ஸ் அதனை வாங்கியது.

அந்த ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே பின்னர்த் துருத்திக்கு உரிய இடத்தைக் காட்டியது. உயரப் பறக்கும் விமானத்துக்குக் காற்றுப் பஞ்சம் உண்டு. ஏறத்தாழ 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதியே. அங்கே துருத்தி ஆடம்பரமன்று, உயிர்மூச்சு. 1938இல் அந்நிறுவனத்தில் சேர்ந்த கணித அறிஞர் ஸ்டான்லி ஹூக்கர், மெர்லின் எந்திரத்தின் சூப்பர்சார்ஜரைக் கணக்கிட்டுத் திருத்தினார். காற்றை இரு நிலைகளில் அழுத்தி, சூடேறிய காற்றை இடையே குளிர்விக்கும் மெர்லின் எந்திரம் 1942இல் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குப் புதுவலிமை தந்தது. பெருவண்டியில் முகப்பில் மாட்டிய துருத்தி எந்திரத்தை வாட்டியது. இங்கோ துருத்தியும் எந்திரமும் ஒன்றுக்கொன்று பொருந்த உருவாயின. வேறுபாடு அதுவே.

இன்று குடும்பத்தார் எழுவர் அமர்ந்து செல்லும் பெரிய வண்டிகள் பல நாட்டுச் சாலைகளில் ஓடுகின்றன. எடை மிகுந்த அவற்றுக்கு மலையேறவும் முந்திச் செல்லவும் வலிமை வேண்டும். 2005இல் ரேஞ்சு ரோவர் வண்டி, சூப்பர்சார்ஜர் இணைத்த 4.2 லிட்டர் எந்திரத்துடன் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தது. சாதாரணமாக வாங்கிய வண்டிக்குப் பின்னர்த் துருத்தி பூட்டுவோரும் உண்டு. அவர்கள் முன்னும் பெண்ட்லி எழுப்பிய வினாவே நிற்கிறது. கூடுதல் வெப்பத்தைப் பிஸ்டன் தாங்குமா? குளிர்நீர் போதுமா? பற்சக்கரங்கள் புதிய வலிமையைச் சுமக்குமா? கூடிய வேகத்தை அடக்கப் பிரேக்குகள் வல்லவையா? இந்த வினாக்களுக்கு விடை கண்ட பிறகு பூட்டுபவன் பொறியியலறிஞன். காணாமல் பூட்டுபவன் சூதாடி.

வலிமையைக் கூட்டுவது எளிது. கூட்டிய வலிமையைத் தாங்கும் உடலை அமைப்பதே அரிது. உலைக்கு ஏற்ற அளவே துருத்தியை மிதிப்பவன் நல்ல கொல்லன். பிர்க்கினின் துணிவும் பெண்ட்லியின் எச்சரிக்கையும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் அந்த வண்டியின் கதை வேறாக முடிந்திருக்கும். அறிவியல் பயிலும் மாணவர்களுக்கு அவ்விரண்டும் வேண்டும்.