அடகுக்கடைக்குப் போன 303

303 என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது போலீஸ்காரர் தோளில் தொங்கிய பழைய துப்பாக்கிதான். நடன இசைப் பித்தர்களிடம் அதே எண்ணைச் சொன்னால் வேறொன்றைக் காட்டுவார்கள். ஒரு அடி அகலம், ஒரு கிலோ எடை, வெள்ளி நிறப் பிளாஸ்டிக் உடம்பு, மேலே வரிசையாக ஆறு சின்னக் குமிழ்கள். பெயர் ரோலண்ட் டிபி-303. 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசை வகையின் குரல் இந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது. பெட்டியைச் செய்தவர்கள் அப்படியொரு குரலைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஜப்பானின் ஒசாகா நகரில் 1972-இல் இக்குதாரோ காகேஹாஷி தொடங்கிய நிறுவனம் ரோலண்ட். அங்கே தடாவோ கிக்குமோட்டோ என்ற பொறியாளர் வடிவமைத்த இந்தக் கருவி 1981 இறுதியில் விற்பனைக்கு வந்தது. பாட்டு வாத்தியார் வீட்டில் மின் சுருதிப் பெட்டி ஓரமாக ஒலித்துக்கொண்டிருக்குமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான் இதற்கும். வீட்டில் தனியாக உட்கார்ந்து கிதார் பழகுகிறவருக்குத் துணையாக பேஸ் கிதார் வாசிக்க வேண்டும். தாளம் போட டிஆர்-606 என்ற ஜோடிப் பெட்டியும் உண்டு. நான்கு பேட்டரி போட்டால் எங்கும் எடுத்துப் போகலாம். அமெரிக்காவில் அன்றைய விலை 395 டாலர்.

கொடுத்த வேலையில் அது தோற்றது. அதன் ஓசையைக் கேட்டு பேஸ் கிதார் என்று யாரும் ஏமாறவில்லை. மெட்டை ஏற்றுவதும் பெரிய தலைவலி. சுரங்களை முதலில் வரிசையாக ஏற்ற வேண்டும். எது எப்போது, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைத் தனியாக இன்னொரு முறை ஏற்ற வேண்டும். நடுவில் ஒன்று பிசகினால் நினைத்தது ஒன்று, கேட்பது வேறொன்று. சுமார் 10,000 பெட்டிகள் செய்த பிறகு 1984-இல் ரோலண்ட் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வாங்கியவர்களும் கைகழுவினார்கள். பெட்டிகள் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கும் அடகுக்கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

அப்படி என்னதான் ஓசை அது? பெட்டிக்குள் ஒலியைப் பிறப்பிக்கும் சுற்று ஒன்றே ஒன்றுதான். அது தரும் அலை ரம்பப் பல் போல இருக்கலாம், அல்லது சதுரமாக இருக்கலாம். இரண்டிலும் அடிச் சுரத்தோடு ஏராளமான மேற்சுரங்கள் கலந்திருக்கும். அடுத்து ஒரு வடிகட்டி. குறிப்பிட்ட எல்லைக்கு மேலுள்ள மேற்சுரங்களை அது அடக்கிவிடும். அந்த எல்லையை ஏற்றி இறக்க ஒரு குமிழ். எல்லையோரத்தில் நிற்கும் ஒலியை மட்டும் கூராக்க இன்னொரு குமிழ். அதற்கு ரெசனன்ஸ் என்று பெயர். இரண்டையும் சேர்த்துத் திருகினால் பெட்டி முனகும், கீச்சிடும், சேற்றில் காலை இழுத்தாற்போல் சளசளக்கும்.

மோர்சிங் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல. மோர்சிங்கின் நாக்கு எப்போதும் ஒரே சுருதியில்தான் அதிர்கிறது. வாசிப்பவர் வாயைக் குவித்தும் விரித்தும் அதிலிருந்து வேண்டிய மேற்சுரத்தை வெளியே எடுக்கிறார். 303-இல் வாய் செய்யும் வேலையைக் குமிழ் செய்கிறது. போதாததற்கு இன்னும் இரண்டு வசதிகள். 'ஆக்சென்ட்' வேண்டிய சுரத்தை அழுத்திச் சொல்லும். 'ஸ்லைடு' ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும், நம் ஜாருவைப் போல.

ஜாரு என்றதும் ஒரு பம்பாய்க்காரரைச் சொல்லியாக வேண்டும். இந்தித் திரையிசையில் பக்கவாத்தியம் வாசித்துவந்த சரண்ஜித் சிங், இந்தப் பெட்டியை டிஆர்-808 தாளக் கருவியோடும் ஜூபிடர்-8 சிந்தசைசரோடும் இணைத்து, 1982-இல் ஓர் இசைத்தட்டு செய்தார். டிஸ்கோ தாளத்தில் பத்து இந்துஸ்தானி ராகங்கள். நம்முடைய மாயாமாளவகௌளையின் சுரங்களைக் கொண்ட பைரவ், கல்யாணியை ஒத்த யமன், இந்தோளத்தை ஒத்த மால்கௌன்ஸ் எல்லாம் அதில் உண்டு. எச்.எம்.வி. வெளியிட்ட அந்தத் தட்டை அன்றைக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் அதை மறுபடி வெளியிட்டபோது, 'ஆசிட் ஹவுஸ் பிறந்தது பம்பாயில்' என்று பத்திரிகைகள் எழுதின.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 'நாங்கள்தான் முதலில்' என்று மார்தட்ட இதில் இடமில்லை. ஆசிட் ஹவுஸை உருவாக்கிய அமெரிக்காவின் சிகாகோ இளைஞர்கள் அந்தத் தட்டிலிருந்து கற்றுக்கொண்டதாக எந்தத் தடயமும் இல்லை. சிங் செய்தது வேறு வேலை. ராகம் முன்னால் நடந்தது, பெட்டி அதன் பின்னால் போனது. சிகாகோவில் பெட்டியே பாடகர்.

அந்தச் சிகாகோவில்தான் 1979 ஜூலையில் ஒரு பேஸ்பால் மைதானத்தின் நடுவே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெளியே டிஸ்கோ செத்துக்கொண்டிருந்தது. வேர்ஹவுஸ் போன்ற கிளப்களில், கறுப்பின, தன்பால் ஈர்ப்பு இளைஞர்கள் நடுவே, ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே அதை வேறு உருவில் வளர்த்துக்கொண்டிருந்தார். டிரம் மெஷின் நாலு அடியையும் சமமாகப் போட, அதன்மேல் எளிய மெட்டு. கிளப்பின் பெயரைச் சுருக்கி அந்த இசையை 'ஹவுஸ்' என்றார்கள்.

1985 வாக்கில் டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று இளைஞர்கள் 'ஃப்யூச்சர்' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். ஸ்பாங்கி ஒரு பழைய 303-ஐ வாங்கிவந்தார். அதை எப்படி இயக்குவதென்று மூவருக்கும் தெரியாது. உள்ளே ஏதோ ஒரு மெட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பியர் சும்மா குமிழ்களைத் திருக, ஓசை நெளிந்தது. நிறுத்தாதே, திருகிக்கொண்டே இரு என்றார் ஸ்பாங்கி. குமிழ் என்பது ஓசையை ஒருமுறை சரிசெய்துவிட்டுக் கையெடுப்பதற்கு என்பதே செய்தவர்கள் கணக்கு. இவர்களுக்கோ திருகுவதே வாசிப்பு. மெட்டு மாறவே இல்லை. அதன் குரல்தான் மாறிக்கொண்டே இருந்தது.

பதிவான கேசட் மியூசிக் பாக்ஸ் கிளப்பின் டிஜே ரான் ஹார்டியின் கைக்குப் போனது. முதல் முறை ஒலிக்கவிட்டபோது ஆடுகளம் காலியானது. அவர் அசரவில்லை. அதே இரவில் மறுபடி போட்டார், இன்னொரு முறை போட்டார். நான்காவது முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியது. பெயர் வைத்ததும் அந்தக் கூட்டம்தான். ரான் ஹார்டியின் 'ஆசிட் டிராக்' என்று அது ஊரெல்லாம் பேசப்பட்டது. ஹவுஸ் இசைத் தயாரிப்பாளர் மார்ஷல் ஜெஃபர்சனின் யோசனைப்படி வேகத்தை நிமிடத்துக்கு 120 அடியாகக் குறைத்து, 1987-இல் டிராக்ஸ் இசைத்தட்டு நிறுவனம் 'ஆசிட் டிராக்ஸ்' என்று வெளியிட்டது. பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பாடல் வரி ஒன்றுகூடக் கிடையாது.

பாலுசாமி தீட்சிதர் கையில் வயலின் கர்நாடக இசைக்கு வந்த கதை நமக்குத் தெரியும். ஐரோப்பாவில் அதைச் செய்த தச்சர் அதன் தலை வித்வானின் காலடியில் ஊன்றும் என்றோ, கமகம் பேசும் என்றோ நினைத்தாரா? கருவி என்ன பேச வேண்டும் என்பதைக் கையேடு சொல்வதில்லை; கை சொல்கிறது.

சிகாகோவில் சில கிளப்களுக்குள் அடங்கியிருந்த ஓசை பிரிட்டனில் காட்டுத்தீயாகப் பரவியது. 1987 கோடையில் இபிசா தீவுக்கு விடுமுறை போய்வந்த லண்டன் டிஜே டேனி ராம்ப்ளிங், அதே ஆண்டு தேம்ஸின் தென்கரையில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் 'ஷூம்' கிளப்பைத் தொடங்கினார். மஞ்சள் சிரிப்பு முகம் அதன் அடையாளம். 1988-ஐ இரண்டாவது 'காதல் கோடை' என்கிறார்கள். நடனத்தோடு எக்ஸ்டசி என்ற போதை மாத்திரையும் வந்தது, அதன் பின்னால் பத்திரிகைக் கூச்சலும் போலீசும் வந்தன. கிளப்பிலிருந்து வயல்வெளிக்கும் காலிக் கிடங்குக்கும் ஆட்டம் இடம்பெயர்ந்தது. 1994-இல் பிரிட்டன் கொண்டுவந்த குற்றவியல் நீதிச் சட்டத்தில், திரும்பத் திரும்ப வரும் தாள அடிகள் என்று இசைக்கே ஒரு வரையறை எழுதிவைத்தார்கள். தாளத்தைச் சட்டப் பிரிவுக்குள் கட்டிவைக்கப் பார்த்த விசித்திரம் அது.

அடகுக்கடைப் பெட்டியின் விலை அதற்குள் மளமளவென ஏறிவிட்டது. ஜெர்மனியின் ஹார்ட்ஃப்ளோர் குழு 1992-இல் பல 303-களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. கோவா கடற்கரையில் வளர்ந்த டிரான்ஸ் இசையிலும் அதே நெளிவு கேட்டது. 1997-இல் ரீபெர்த் என்ற மென்பொருள் அந்த ஓசையைக் கணினிக்குள் கொண்டுவந்தது. 2016-இல் ரோலண்டே டிபி-03 என்ற பெயரில் தன் பழைய பெட்டியைப் போலச் செய்து விற்றது. பேஸ் கிதாரைப் போல ஒலிக்கத் தெரியாத பெட்டியைப் போல ஒலிப்பதே ஒரு தகுதியாகிவிட்டது.

இணையத்தில் இரண்டும் கிடைக்கின்றன: சரண்ஜித் சிங்கின் பைரவ், ஃப்யூச்சரின் 'ஆசிட் டிராக்ஸ்'. ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். மெட்டைத் தேடாதீர்கள், குமிழைத் திருகும் கையைப் பின்தொடருங்கள். முதல் தடவை பிடிக்கவில்லை என்றால் குற்றமில்லை, சிகாகோவுக்கே பிடிக்கவில்லை. நான்கு தடவை போட்டுப் பாருங்கள்.