குவார்ட்டர்ஸிலிருந்து மனைப்பிரிவுக்கு: சேக்காட்டில் வருமானமும் சமூகக் கலப்பும் (1961–2024)

சேக்காடு இன்று ஆவடி மாநகராட்சிக்குள் அடங்கிய பகுதி, சி.டி.எச். ரோட்டில் ஆவடியைத் தாண்டிப் பட்டாபிராம் போகும் வழியில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் யார் யாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆனார், அதை முடிவு செய்தது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மத்திய அரசு வேலையும் அதன் சம்பளப் படிநிலையும் இங்கே ஒரு கலப்பை உண்டாக்கின. மனைச் சந்தை அதைக் கலைத்து வருகிறது என்பது என் வாதம்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. ஆறு ஆண்டு கழித்து, 1961இல், எச்.வி.எஃப். (கனரக வாகனத் தொழிற்சாலை), ஓ.சி.எஃப். (படையுடைத் தொழிற்சாலை) ஆகிய இரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் இங்கே தோன்றின. 1965 இறுதியில் எச்.வி.எஃப்.இலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இந்த மண்ணில் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ராணுவம் இருந்தது; ஆகவே தீர்மானம்தான் தொழிற்சாலையைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தீர்மானம் பேசிய சமத்துவம் எட்டிப் பார்த்த இடம் என்று இந்தத் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸைச் சொல்லலாம்.

குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எந்த டைப் வீடு என்பதை அடிப்படைச் சம்பளம் தீர்மானித்தது. யாருக்கு முதலில் என்பதைப் பணிமூப்பு. வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லாததால், “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்கவும் ஆள் இல்லை. அதற்கு முன்பே ஆளெடுப்பில் இடஒதுக்கீடு வேலை செய்திருந்தது. 1970இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு என்று உயர்ந்தது. 1993இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வந்தது. தமிழர், தெலுங்கர், மலையாளி, வட இந்தியர் பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவில் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். இங்கேயும் ஏற்றத்தாழ்வு உண்டு. அதிகாரி வீடு வேறு, தொழிலாளி வீடு வேறு. ஆனாலும் அந்தக் கோடு சாதியின் மீது இழுத்த கோடு அல்ல.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பி.எஃப்., கிராஜுவிட்டி பணத்தில் பக்கத்திலேயே மனை வாங்கினார்கள் பலர். சேக்காடு போன்ற இடங்களின் நகர்கள் இப்படித்தான் நிறைந்தன. ஆவடி நகராட்சியின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 2.3 லட்சம், 2011இல் 3.46 லட்சம். 2019இல் அது மாநகராட்சி ஆனது.

இதற்கிடையே, அரசு வேலையிலிருந்து சொந்த மனைக்கு ஏற்றிய அந்த ஏணியின் படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாயிற்று. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. அங்கே வேலைக்கு வருபவருக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது, வாடகை வீடுதான். எனவே “நீங்க என்ன ஆளுங்க?” என்ற பழைய கேள்வி திரும்பவும் கேட்கப்படுகிறது. “சைவம் மட்டும்” என்ற டு-லெட் பலகை அதன் நாகரிக வடிவம்.

இப்படி ஆள் பார்த்து வீடு தருவது இங்கே மட்டும் நடந்ததல்ல. அமெரிக்கப் புறநகர்களில் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. 1968இல் பாகுபாட்டைத் தடுக்கும் வீட்டுவசதிச் சட்டமும் வந்தது. அங்கே இனப் பிரிவினை ஒழிந்துவிடவில்லை. ஆயினும் வழக்குப் போட ஒரு சட்டம் கைவசம் இருக்கிறது. இந்தியாவிலோ, ஒரு சமூகத்தார் மட்டும் உறுப்பினராகலாம் என்ற வீட்டுவசதிச் சங்க விதியை 2005இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிப்பது ஆவடி நரிக்குறவர் குடியிருப்பின் கதை. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் அங்கே நேரில் போனார். அதே டிசம்பரில் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சாலைகள் வந்து அறுபது ஆண்டு ஆகிவிட்டிருந்தது. 1970களில் பழங்குடியினர் சான்றிதழ் கையில் இருந்திருந்தால், அவர்களில் சிலருடைய பிள்ளைகளாவது எச்.வி.எஃப். கிராஜுவிட்டி பணத்தில் சேக்காட்டில் மனை வாங்கியிருப்பார்கள்.