தூமத்தின் தாயகம்

புறநானூற்றின் 117ஆம் பாட்டில் கபிலர், தூமம் தோன்றுவதைத் தீக்குறிகளுள் ஒன்றாகக் குறிக்கிறார். தூமம் என்பது வால்வெள்ளி. வால் புகைபோல் நீள்வதால் வந்த பெயர். ஆயின் அதன் உடல் புகையன்று. தூசி கலந்த பனிக்கட்டியே.

சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949இல் ஹார்வர்டில் பயில்கையில், ஒளிப்படத் தகட்டில் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். பாப்பு–போக்–நியூகெர்க் எனப் பெயர் பெற்ற அது கதிரவனைச் சுற்றிவரச் சுமார் 60,000 ஆண்டுகள் ஆகும். இத்தகைய நெடுவழிப் பயணிகளின் தாயகம் எது? மறு ஆண்டே டச்சு அறிஞர் யான் ஊர்ட், கதிரவன் குடும்பத்தை எப்புறமும் சூழ்ந்த பனிக்கூட்டமே அது என்றார். அதனை நேரிற் கண்டவர் இன்றுமில்லை. வால்வெள்ளிகளின் பாதைக் கணக்கே சான்று.

அன்று அச்சந்தந்த தூமம், கதிரவன் குடும்பம் தோன்றிய காலத்துப் பொருளைப் பனியிற் காத்துவைத்த பழஞ்சுவடியாக இன்று விளங்குகிறது.