கூட்டு வாடகைக் குடிகளின் வியாஜ்யங்கள்

குடும்ப சம்பந்தம் ஏதுமில்லாத இருவரோ பலரோ ஒரே வாடகை ஒப்பந்தத்தின்பேரில் ஒரு வீட்டை எடுத்துச் சேர்ந்து வசிக்கும்போது, வாடகை, முன்பணம், மின்கட்டணம், சேதாரம், அனுபவ பாத்தியதை ஆகியவை குறித்து அவர்களுக்குள்ளும், அவர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலும் விளையும் வழக்குகள் இத்தலைப்பில் அடங்கும். இந்தியாவில் இவற்றுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம், அந்தந்த மாநிலத்தின் வாடகைச் சட்டம் ஆகியவற்றிலிருந்து திரட்டிய விதிகளைக் கொண்டே நீதிமன்றங்கள் இவ்வழக்குகளைத் தீர்த்து வருகின்றன.

பூர்வ வரலாறு: பலர் கூடி ஒரு கடனுக்குப் பொறுப்பேற்றால், பணத்துக்கு உரியவன் யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்னும் வினாவே இத்துறைக்கு மூலம். யாக்ஞவல்கிய ஸ்மிருதி இதனை ஜாமீன்தாரர்களை முன்னிட்டு ஆராய்ந்து, பலர் தத்தம் பங்களவுக்கே பிணை நின்றிருந்தால் அவரவர் பங்கை அவரவர் செலுத்த வேண்டும் என்றும், ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பிணை நின்றிருந்தால் கடன் கொடுத்தவன் தன் இஷ்டப்படி எவரிடமும் முழுவதையும் வசூலிக்கலாம் என்றும் இரு வகையாகப் பிரித்து விதித்தது. விஞ்ஞானேசுவரரின் மிதாக்ஷரை இதனை விரித்துரைக்கிறது. ரோமாபுரியிலோ ஹேட்ரியன் சக்கரவர்த்தி, ஜாமீன்தாரர் பலராயின், பணம் செலுத்தச் சக்தியுள்ளவர்களுக்கிடையே கடனைப் பங்கிட்டே கேட்க வேண்டும் என்னும் சலுகையை அளித்தார். பிற்காலத்து நியாயசாஸ்திரம் எங்கும் இவ்விரு நோக்கங்களுக்கும் இடையிலேயே ஊசலாடி வந்திருக்கிறது.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் கடுமையானது. கூட்டாக வாக்களித்தவர்களுள் ஒருவரைக் கடன் கொடுத்தவர் விடுவித்தால் அனைவரும் விடுபட்டனர். ஒருவர்மீது தீர்ப்புப் பெற்றுவிட்டால், அத்தொகை வசூலாகாவிடினும், மற்றவர்மீது மறுவழக்குத் தொடர இயலாது என்று 1844-இல் கிங் எதிர் ஹோர் வழக்கில் முடிவாயிற்று. ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வைசிராயின் சபையில் சட்ட மெம்பராக இருந்த காலத்தில் நிறைவேறிய இந்திய ஒப்பந்தச் சட்டம் இவ்விடத்தில் ஆங்கில வழியைத் துறந்து நடந்தது. அச்சட்டத்தின் மிகச் சிறந்த பகுதிகளுள் இதுவும் ஒன்று. 43-ஆம் பிரிவின்படி கூட்டு வாக்குறுதியாளருள் எவரையும் முழுத் தொகைக்கும் கட்டாயப்படுத்தலாம். அவ்வாறு செலுத்தியவர் மற்றவர்களிடம் சமபங்கு கேட்டுப் பெறலாம். பங்கு தர இயலாதவரின் நஷ்டத்தை மீதியுள்ளோர் சமமாகத் தாங்க வேண்டும். பிரிவின் உதாரணங்களிலேயே மூவர் சேர்ந்து 3,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு, ஒருவர் ஏதும் தரச் சக்தியற்றுப்போக, மற்றொருவர் முழுவதையும் செலுத்தினால், அவர் மூன்றாமவரிடம் 1,500 ரூபாய் பெறலாம் என்று கணக்கு வகுத்துக் காட்டப்பட்டிருக்கிறது. 44-ஆம் பிரிவு, ஒருவரை விடுவிப்பது மற்றவரை விடுவித்ததாகாது என்றும், விடுவிக்கப்பட்டவரும் தம் தோழர்களுக்குச் செய்ய வேண்டிய கடப்பாட்டினின்று நீங்கமாட்டார் என்றும் உரைக்கிறது. தீர்ப்பு பற்றிய ஆங்கில விதியை 1878-இல் கல்கத்தா நீதிமன்றம் பின்பற்ற முற்பட்டதாயினும், 1900-இல் அலகாபாத் நீதிமன்றம் கூறிய மறுப்பே சட்டத்தின் சொற்களுக்கு இசைந்தது. ஒருவர்மீது பெற்ற தீர்ப்பு மற்றவர்மீது வழக்கிடத் தடையாகாது.

வகைப்பாடு: சேர்ந்து வசிப்போர் மூவகையினர். முதல் வகையில் அனைவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றனர். இவர்களே உண்மையான கூட்டுக் குடிகள். வெளியே வீட்டுக்காரருக்கு இவர்கள் ஒரே ஆசாமிபோல் பொறுப்பாளிகள். உள்ளேயோ தனித்தனிப் பங்காளிகள். கூட்டுக் குடிகளுள் ஒருவருக்குக் கொடுத்த நோட்டீஸே போதுமானது என்று கான்ஜி மான்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது இதன் விளைவே. இரண்டாம் வகையில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு மற்றவரைச் சேர்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரரின் எழுத்துமூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுதல் தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வெளியேற்றத்துக்குக் காரணமாக இருந்தமையால், நண்பர் விருந்தினரா, உள்குடியா என்னும் தர்க்கம் எழுந்தது. மூன்றாம் வகையில் ஒவ்வொருவரும் தனித்தனியே இடம் பெறுகின்றனர். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் கட்டிலுக்கு வாடகை கொடுப்போர் இவ்வகையினர். இத்தகையோருக்கு இருப்பது குத்தகையா, வெறும் அனுமதியா என்பதைப் பிரத்தியேக அனுபவம் கொண்டு அளக்கும் முறை 1959-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கால் நிலைபெற்றது. லண்டனில் வெவ்வேறு தேதிகளில், வெவ்வேறு வாடகைக்கு, தனித்தனி ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த நால்வரைக் கூட்டுக் குடிகளாகக் கருத இயலாது என்று 1988-இல் பிரபுக்கள் சபை தீர்த்ததும் இத்துடன் ஒப்புநோக்கத்தக்கது.

வழக்கு விளையும் இடங்கள்: உத்தியோக மாற்றத்தாலோ விவாகத்தாலோ ஒருவர் நடுவில் விலகும்போதே பெரும்பாலான சச்சரவுகள் தோன்றுகின்றன. அறையைக் காலி செய்தவுடன் தம் கடமை தீர்ந்ததென்று விலகுபவர் எண்ணுகிறார். வீட்டுக்காரர் சம்மதித்து ஒப்பந்தத்தை மாற்றினாலன்றி அது தீர்வதில்லை. எஞ்சியிருப்பவரே முழு வாடகையையும் சுமந்து, பிறகு பங்கு கேட்டு அலைய நேர்கிறது. சிறு சம்பளக்காரரான இளைஞரை இது எவ்வளவு நசுக்கும் என்பதை எண்ணின், விலகுபவரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டியதன் அவசியம் புலனாகும். சென்னையில் நெடுங்காலமாகப் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வழக்கம் இருந்தபடியால், முன்பணத் தகராறு வாடகைத் தகராற்றினும் பெரிதாவதுண்டு. விலகுபவர் தம் பங்கைப் புதிதாக வருபவரிடம் பெற்றுக்கொண்டு போவது நடைமுறை. பழைய ரசீதோ முதலில் வந்தவர் பெயரிலேயே நின்றுவிடுவதால், வீட்டைக் காலி செய்யும் நாளில் பணம் யாருடையது என்று நிரூபிக்க வழியிருப்பதில்லை. சுவர்ச் சேதத்துக்குப் பிடித்தம் செய்த தொகையை யார் ஏற்பது என்பதும் இத்தகையதே. மனஸ்தாபம் முற்றிப் பூட்டை மாற்றி ஒருவரை வெளியே நிறுத்துவது சட்டவிரோதம். அனுபவத்திலிருந்து அவ்வாறு அகற்றப்பட்டவர் 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்கிடலாம்.

தற்கால நிலை: தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டம், எழுத்துமூல ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கி, மாறான உடன்படிக்கை இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது என்று வரையறுத்தது. கூட்டுக் குடிகள் தமக்குள் பங்கு கேட்கும் வழக்குகள் இன்றும் உரிமையியல் நீதிமன்றத்துக்கே செல்கின்றன. அவற்றுக்குக் காலவரையறை மூன்று ஆண்டுகள்.