கண்டி கண்ட தாழ்ச்சி

தலையான பாவங்கள் ஏழு என்று கத்தோலிக்க ஞானோபதேசம் வகுத்துரைக்கும். அவற்றுள் முதலாவது ஆங்காரம். அதற்கு மாற்றாக நிற்கும் புண்ணியம் தாழ்ச்சி. பிறர்முன் குனிந்து நிற்பதையும் தன்னைத்தானே பழித்துக்கொள்வதையும் தாழ்ச்சியென எண்ணுவாருளர். அவை புறத்தோற்றங்களே. தாழ்ச்சி ஒருவனை எத்துணைத் துணிவுள்ளவனாக்கும் என்பதற்கும், படைபலத்தால் திறவாத கதவுகளை அது எவ்வாறு திறக்கும் என்பதற்கும் கண்டி இராச்சியத்தின் வரலாற்றிலே ஒரு சான்று உண்டு. யோசேவ் வாஸ் அடிகளாரின் வாழ்க்கையே அச்சான்று.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 21ஆம் நாள், கோவாவிலுள்ள பெனவுலிம் என்னும் ஊரில், பிராமண மரபில் வந்த கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலே, தம்மைக் கன்னி மரியாளுக்கு அடிமையென ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். அடிமை என்பது அக்காலத்தில் வெறும் உவமையன்று. சந்தையில் விலைபேசப்பட்ட மனிதரைக் குறித்த சொல். உயர்குலத்திற் பிறந்து கல்வியும் கற்ற இளங்குரு அச்சொல்லைத் தமக்குரியதாக்கிக் கொண்டார். 1685இல், கோவாவின் சுதேச குருமார் அமைத்த ஒரற்றோரியன் சபையிற் சேர்ந்து அதன் தலைவருமானார். ஆயினும், இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிக்கின்றனர் என்ற எண்ணம் அவரை அத்தலைமையில் அமர்ந்திருக்க விடவில்லை.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரை நாடு கடத்தினர். குருவுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரணதண்டனை என்றும் கட்டளையிட்டனர். இந்நிலையிலேதான் 1687இல், யோவான் என்னும் துணையாள் ஒருவருடன் அடிகளார் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். நோயுற்று நலிந்த உடலோடு, கழுத்திலே செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு முகமலர்ந்தவர் யாவர் என்பதைக் கொண்டே தம் மந்தையை அவர் இனங்கண்டார். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். அவர் தம் பெருமையைத் துறந்தாரேயன்றிக் கடமையைத் துறக்கவில்லை. ஒல்லாந்தர் ஆணைக்கு அவர் பணியவேயில்லை. தாழ்ச்சி வேறு, அடங்கிப்போதல் வேறு.

1692இல் அடிகளார் கண்டியை அடைந்தார். மலைநாட்டாருக்குப் போர்த்துக்கேயரைப்பற்றி இருந்த நினைவு கசப்பானது. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் படைகொண்டு வந்தோரை அவர்கள் எதிர்த்து முறியடித்திருந்தனர். பறங்கியரின் குரு என்றால் பறங்கியரின் ஒற்றன் என்றே கருதப்படுதல் இயல்பு. அரசவையிற் செல்வாக்குப் பெற்றிருந்த லனறோல் என்னும் பிரெஞ்சுக் கல்வினியரும் அடிகளார்மீது அவ்வாறே குற்றஞ்சாட்டினார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையிலிட்டான்.

அடிகளார் சிறையிருப்பைப் பள்ளியாக்கிக்கொண்டார். அங்கேயே சிங்களம் கற்றார். காவல் சிறிது தளர்ந்ததும் குடிசையொன்று அமைத்து அதில் பூசை செய்தார். ஒற்றனுக்குரிய செயல் எதனையும் காவலர் அவரிடங் காணவில்லை. பொன் கேட்கவில்லை, பதவி நாடவில்லை, தம்மைக் காட்டிக்கொடுத்தவரைப் பகைக்கவும் இல்லை. 1696இல் நாட்டில் மழை பொய்த்தபோது மன்னனே அவரை வேண்டினான் என்றும், அவர் பீடம் அமைத்து மன்றாட மழை பொழிந்தது என்றும் சபை வரலாற்றாசிரியர் எழுதிவைத்தனர். அதன்பின் இராச்சியமெங்கும் நடமாட அவருக்கு உரிமை கிடைத்தது.

மறு ஆண்டு வந்தது பெரும் சோதனை. 1697இல் கண்டியைப் பெரியம்மை பற்றியது. மன்னன் தலைநகரை விட்டு நீங்கினான். செல்வரும் நீங்கினர். நோயாளரைக் காட்டோரம் கொண்டுபோய்க் கைவிட்டனர் உறவினர். அடிகளாரும், அவருடைய உறவினரும் மருத்துவம் அறிந்தவருமான கர்வாலோ சுவாமியாரும் நகரிலேயே தங்கினர். நோயுற்றோருக்குக் கொட்டில்கள் அமைத்து, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கஞ்செய்தனர். கிறிஸ்தவர், பௌத்தர் என்ற வேறுபாடு அக்கொட்டில்களில் இருக்கவில்லை. அரண்மனை வாயிலில் விளங்கிய பணிவு மெய்யானதா, தந்திரமா என்று ஐயுற்றோருக்கு இதுவே விடையாயிற்று. அரசனிடம் பயன்கருதிப் பணிபவன் அரசன் இல்லாத நகரிலே யாருக்குப் பணிவான்?

மன்னன் தன் சமயத்தை விட்டானல்லன். அதே காலத்தில் அரக்கானிலிருந்து பிக்குமாரை வரவழைத்துச் சங்கத்தைப் புதுப்பித்தவன் அவன். தலதா மாளிகையை மூன்று மாடங்களுடன் எழுப்பியவனும் அவனே. தன் சமயத்தில் உறுதிகொண்ட அரசனொருவன் வேற்றுச் சமயத்துக் குருவுக்கு நிழல் தந்தான் என்பதே கண்டிக்குப் பெருமை.

1705இல் திருத்தந்தையின் தூதரான துர்நோன் ஆண்டகை, அடிகளாரை ஆயராக உயர்த்த விரும்பினார். அவரோ அதனை ஏற்காது, கால்நடையாகக் காட்டுவழி சென்று குடிசைகளைச் சந்திக்கும் தொண்டே போதுமென்றார். அவ்வாண்டிலேயே யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியார் இலங்கை வந்தார். தமிழிலும் சிங்களத்திலும் சிறந்த நூல்களை இயற்றிப் புகழ்பெற்றவர் அவர். தம்மினும் ஆற்றல் மிக்க எழுத்தாளரொருவர் தம்முடன் பணியாற்ற வந்தபோது, மூத்தவர் அவருக்கு வழிவிட்டு ஊக்கினார். பிறர் உயர்வு கண்டு மகிழ்தலும் தாழ்ச்சியின் ஒரு கூறு. அதனிற் கடினமான கூறு.

அடிகளார் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். பின்னர் ஸ்ரீ விஜய இராசசிங்கன் காலத்திற் குருமார் கண்டியினின்றும் துரத்தப்பட்டனர், ஆலயங்கள் அழிந்தன. அடிகளாரின் கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று. ஆயினும், வாஹக்கோட்டை முதலிய ஊர்களிலே நம்பிக்கை அழியவில்லை. 1995இல் அவர் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலிற் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

கோட்டைகளின் துணையோடு வந்த போர்த்துக்கேயரின் அதிகாரம், கோட்டைகள் வீழ்ந்தவுடன் வீழ்ந்தது. வெறுங்கையோடு வந்தவரின் தொண்டுக்கோ வீழ்வதற்குக் கோட்டை எதுவும் இருக்கவில்லை. அது பெரியம்மைக் கொட்டிலிலே கஞ்சி பெற்றவர்களின் நினைவிலே தங்கியது. அரசரின் அருள் மாறினாலும் அந்நினைவை நாடுகடத்த எவராலும் இயலவில்லை.