மண்ணிலிருந்து வரும் காற்று

நம் கியா பார்மில் பொழுது சாய்ந்ததும் குளிருக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்துகிறோம். அடைத்த வீட்டில் தங்கக்கூடிய ஒரு வாயுவின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

அதன் பெயர் ரேடான். பாறையிலுள்ள யுரேனியம் மெல்லச் சிதைவதால் பிறப்பது. நிறமில்லை, மணமில்லை. நம் மலையோ கருங்கல் மலை. கருங்கல்லில் யுரேனியம் சிறிதளவு உண்டு.

ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக நெஞ்சு நோயால் மாண்டார்கள். அது நுரையீரலில் தோன்றும் புற்று என 1879-இல் இரு மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்கு ரேடானே காரணம் என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று.

1984-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அணுமின் நிலையப் பொறியாளர் ஸ்டான்லி வாட்ரஸ் வேலைக்கு நுழையும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. அவர் வீட்டைச் சோதித்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய ஒரு லட்சம் பெக்கரல் ரேடான்! உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்த அளவோ 100தான்.

அதன்பின் வீட்டுச் சோதனை பரவியது. சிறிய டப்பாவுக்குள் ஒரு பிளாஸ்டிக் தகடு. சில மாதம் வீட்டில் வைத்திருந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், கதிர் பதித்த தடங்களை எண்ணி அளவைச் சொல்வார்கள். அடுத்த வீட்டின் அளவு நம் வீட்டுக்குப் பொருந்தாது.

சோதிக்காமல் அஞ்ச வேண்டாம். சோதிக்காமல் அலட்சியமும் வேண்டாம். தரை வெடிப்பைப் பூசுவோம், பகலில் சன்னலைத் திறப்போம், புகைப்பழக்கத்தை விடுவோம். புகைப்பவரைத்தான் ரேடான் அதிகம் தாக்குகிறது. சுரங்கத் தொழிலாளி உயிர் கொடுத்துக் கற்பித்த பாடம் இது.