அறைக்குள்ள அலை எவ்வளவு?

செல்போன் டவர்னு பேச்செடுத்தாலே நம்மாளுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடறாங்க. எனக்கு அந்தச் சண்டையை விட, வீட்டுக்குள்ள அந்த அலையை எப்படி அளக்கறாங்கங்கிற கதைதான் சுவாரசியம். நான் படிக்க வந்திருக்கிற சுவிட்சர்லாந்துல இதுக்கு கால் நூற்றாண்டு வரலாறு இருக்கு மக்களே.

2000 பிப்ரவரியில் இங்கே ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. வீடு, பள்ளிக்கூடம் மாதிரி ஜனங்க நெடுநேரம் இருக்கிற இடங்களில், ஒரு டவரிலிருந்து வரும் மின்புலம் 900 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 4 வோல்ட், 1800-ல் 6, ரெண்டும் கலந்தால் 5. இதைத் தாண்டக்கூடாது. சர்வதேசப் பரிந்துரையோ 41, 58! வோல்ட்டில் பத்தில் ஒண்ணுன்னா, திறன் கணக்கில் நூறில் ஒண்ணு.

சரி, எப்படி அளக்கிறது? அறைக்குள்ள அலை சுவரில் பட்டுத் திரும்பி, ஒரு இடத்துல கூடும், ஒரு சாண் தள்ளினா குறையும். அதனால கையில் ஆன்டெனாவைப் பிடிச்சு, சுவர், மேசையிலிருந்து அரை மீட்டர் தள்ளி அறை முழுக்கத் துழாவி, உச்ச அளவைக் குறிச்சுக்கணும். அதுவும் போதாது. நடுராத்திரி யாரும் பேசாதப்போ அளந்தா கம்மியாத்தானே காட்டும்? அதுக்கு 2002 வழிகாட்டியில் ஒரு வழி சொன்னாங்க. ஜி.எஸ்.எம். டவர் எந்நேரமும் ஒரே சக்தியில் அனுப்பும் அடையாள அலையை மட்டும் அளந்து, அனுமதிச்ச முழு சக்திக்குப் பெருக்கிடு. 3ஜி, 4ஜிக்கும் இதே உத்திதான்.

2019-ல் 5ஜி வந்ததும் சிக்கல். புது ஆன்டெனா, யார் கேக்கறாங்களோ அவங்க பக்கம் கற்றையைத் திருப்பும். அடையாள அலை ஒரு வடிவத்துல போகும், டேட்டா வேற வடிவத்துல போகும். நாட்டின் அளவியல் நிறுவனமான மெட்டாஸ், 2020-ல் இந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்துப் புது முறை வெளியிட்டது.

நிஜமான சண்டை அதுக்கப்புறம்தான். வரம்பைத் தளர்த்த நாடாளுமன்ற மேலவை 2016, 2018 ரெண்டு தடவையும் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மறுத்திருந்தது. 2022 ஜனவரியில் அரசு ஒரு திருத்தக் காரணியைக் கொண்டு வந்தது. 6 நிமிட சராசரி அனுமதிச்ச சக்திக்குள்ள இருந்தா, 64 பகுதிகள் கொண்ட ஆன்டெனா கணநேரத்துக்கு அதைப்போல பத்து மடங்கு வரை அனுப்பலாம். எதிர்ப்பாளர்கள் 'பின்வாசல் வழியா தளர்த்திட்டாங்க'ன்னாங்க. எனக்குக் கணக்கு தப்பாத் தெரியலை. ஆனா முன்னாடி '5' என்பது உச்சம், இப்போ சராசரி. எண் மாறலை, அர்த்தம் மாறிடுச்சு. அந்த வீட்டுல குடியிருக்கிறவங்களுக்கு இதை யாராவது நேரா சொல்லியிருக்கணும்.

2024-ல் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே அனுமதி வாங்கின ஆன்டெனாவை இந்தக் காரணிக்கு மாத்தவும் முறையான கட்டட அனுமதி வேணும்னு சொல்லிடுச்சு. அக்கம்பக்கத்தார் இப்போ ஆட்சேபணை மனு போடலாம்.